வீட்டில் தயாரித்த பியருக்குச் செலவுப் பணம் வாங்கலாமா?

கேள்வி: உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஐந்தறை வீவக வீட்டில் வசிக்கிறேன். ஹாப்ஸ் (பியருக்கு மணமும் கசப்பும் தரும் ஒரு கொடியின் பூ) மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகை ஏல் பியரை இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே மாதம் 20 லிட்டர் தயாரித்து வருகிறேன். எங்களுடன் குடியிருக்கும் என் மைத்துனரும் அண்மையில் அதே அளவு தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார். சென்ற மாதம் சக ஊழியர் ஒருவருக்கு 12 போத்தல் கொடுத்தேன். மூலப்பொருள் செலவுக்கென்று அவர் பேநவ் மூலம் 40 வெள்ளி அனுப்பினார். தீபாவளிக்கு வேண்டுமென்று வாட்ஸ்அப் குழுவில் மேலும் நால்வர் முன்பணம் கொடுத்துவிட்டனர். எனக்கு ஒரு காசுகூட லாபமில்லை. இதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. சிங்கப்பூரில் மதுபானம் உற்பத்தி செய்வதற்குச் சுங்கத்துறையின் உரிமம் வேண்டும். பியர், சைடர், பழ ஒயின் போன்ற புளிக்க வைத்த பானங்களைத் தமக்கென்று வீட்டில் தயாரிப்பவர்களுக்குச் சுங்கத்துறை அந்த உரிமத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் தயாரிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தாம் வசிக்கும் வீட்டிலேயே தயாரிக்க வேண்டும், ஒரு குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, சொந்தப் பயன்பாட்டிற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், விற்கக்கூடாது. நம் பேச்சுவழக்கில் எதையும் ‘காய்ச்சுவது’ என்று சொல்லிவிடுகிறோம். மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியக் கரைசலை ஹாப்ஸோடு கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பது இந்த விலக்குக்குள் அடங்கும். காய்ச்சி வடிப்பது எந்த அளவிலும் அடங்காது.

உங்கள் வீட்டில் இந்த நிபந்தனைகளில் இரண்டு மீறப்பட்டுள்ளன. முதலாவது அளவு. 30 லிட்டர் என்பது தலைக்கு அன்று, குடும்பத்திற்கு. ஆகவே நீங்களும் மைத்துனரும் ஒரே மாதத்தில் ஆளுக்கு 20 லிட்டர் புளிக்க வைத்தால் வரம்பைப் பத்து லிட்டர் தாண்டிவிடுகிறீர்கள். ஹாப்ஸ் அதிகம் சேர்க்கும் ஏலில், அடியில் தங்கும் மண்டியோடு இரண்டு மூன்று லிட்டர் வீணாகிவிடும் என்பதால், போத்தலில் அடைத்த அளவைத்தான் கணக்கிட வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள். புளிக்க வைக்கும் வாளியில் ஊற்றிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவதும் கனமானதும் பணம். லாபம் இல்லை என்பதால் அது விற்பனை ஆகாது என்று நினைக்கிறீர்கள். சிங்கப்பூரில் நடைமுறையில் உள்ள பொருள் விற்பனைச் சட்டம், விலை எனப்படும் பணத்திற்கு ஈடாக ஒரு பொருளின் உரிமையை மாற்றிக் கொடுப்பதையே விற்பனை என்கிறது. அந்த வரையறையில் லாபம் என்ற சொல்லே இல்லை. ஆகவே ‘மால்ட், ஹாப்ஸ் செலவுக்கு மட்டும்’ என்று பேநவ் குறிப்பில் எழுதியிருந்தாலும், போத்தலைக் கொடுத்ததும் பணம் வந்ததும் ஒன்றுக்கொன்று ஈடாக நடந்தவை என்றே கருதப்படும். 2015ஆம் ஆண்டின் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியும் மதுபானம் விற்க உரிமம் தேவை. அது உங்களிடம் இல்லை.

தொகை சிறியதாயிற்றே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 330 மில்லி கொண்ட 12 போத்தல் ஏறத்தாழ 4 லிட்டர்; மதுச்சத்து 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதில் சுத்த மதுச்சாரம் கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு; பியருக்கான உற்பத்தித் தீர்வை ஒரு லிட்டர் மதுச்சாரத்திற்கு 60 வெள்ளி என்பதால், செலுத்தாமல் விட்ட தீர்வை பொருள் சேவை வரி நீங்கலாக 14 வெள்ளி அளவில்தான் வரும். ஆனால் தீர்வை ஏய்ப்புக்கு, ஏய்த்த தீர்வையையும் வரியையும் போல் 20 மடங்கு வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பன்னிரண்டு போத்தலுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று நான் கருதவில்லை. இருப்பினும் பதினான்கு வெள்ளிக்காகக் குற்றப் பதிவு தேடிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

வீட்டுக்கு வரும் விருந்தினருக்குத் தீபாவளியன்று உங்கள் மேசையிலேயே ஊற்றிக் கொடுப்பதில் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, 18 வயது நிறையாதவர்களுக்குக் கொடுக்காதவரை. கூட்டம் சேர்ந்துவிட்டதென்று புளோக்கின் கீழ்த்தளத்திற்கு இறங்கிவிடாதீர்கள். அது பொது இடம், இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை அங்கே மது அருந்துவது குற்றம். இலவசமாகக் கொடுத்தாலும் போத்தலுக்கான பொறுப்பு உங்களுடையதே. சர்க்கரை கூடிப்போன போத்தல் நம் ஊர் வெக்கையில் வெடித்து யாருக்காவது காயம் ஏற்பட்டால், ‘பணம் வாங்கவில்லையே’ என்பது கவனக்குறைவு வழக்கில் தற்காப்பாகாது. அந்தச் சட்டத்தின் மூல வழக்காகிய 1932ஆம் ஆண்டுத் தீர்ப்பே ஓர் இஞ்சி பியர் போத்தலைப் பற்றியதுதான். அதைக் குடித்தவர் காசு கொடுத்து வாங்கவில்லை, தோழிதான் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது செய்ய வேண்டியது: நால்வரின் முன்பணத்தையும் இன்றே பேநவ் வழியாகத் திருப்பி அனுப்பி, விற்பனை இல்லை என்று அதே குழுவில் எழுதிவிடுங்கள். பழைய செய்திகளை அழிக்காதீர்கள். அழித்தால் மறைத்ததாகப் பொருள்படும். ஏற்கெனவே வாங்கிய 40 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாலும் நடந்தது நடக்காததாகிவிடாது. தாமாக முன்வந்து தெரிவிப்போருக்கெனச் சுங்கத்துறையில் ஒரு திட்டம் உள்ளது. அங்கே எதையும் எழுதுவதற்கு முன், பேநவ் பதிவுகளுடன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மைத்துனரோடு பேசி ஆளுக்கு 15 லிட்டராகவோ, ஒருவர் விட்டு ஒருவர் மாதம் மாறியோ தயாரித்து, தேதியையும் லிட்டரையும் ஒரு தாளில் குறித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.