பம்பைப் பிரிக்கும் முன் பைப்பைப் பாருங்கள்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "பம்பு சரியில்லை" என்றுதான் ஆரம்பிக்கின்றன. படித்துக்கொண்டே போனால் பம்பு பாவம், சும்மாதான் இருக்கிறது. கோளாறு எல்லாம் அதைச் சுற்றித்தான்.

சார், கப்ளிங் போட்ட புது பம்பு செட். நாலு மாதத்தில் மூன்று தடவை கப்ளிங் ரப்பர் மாற்றிவிட்டேன், இப்போது பேரிங்கும் கத்துகிறது. கம்பெனியிலேயே அலைன்மென்ட் பார்த்துத்தானே அனுப்பினார்கள்? (ஈரோடு, பேப்பர் மில் ஃபிட்டர்)

கம்பெனியில் பார்த்த அலைன்மென்ட், அதாவது கப்ளிங் இணைக்கும் மோட்டார் ஷாஃப்டும் பம்பு ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்பது, செட்டை லாரியில் ஏற்றி இறக்கும்போதே போய்விடும். பேஸ் பிளேட்டைச் செயின் போட்டுத் தூக்கினாலே அது கொஞ்சம் வளையும். அதனால் உங்கள் இடத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், அதுவும் ஒரு தடவை இல்லை. ஃபவுண்டேஷன் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து லெவல் பார்த்து, கிரவுட் (சிமென்ட் கலவை) ஊற்றி, அது நன்றாக இறுகின பிறகு போல்ட்டை முடுக்கி ஒரு தடவை. பைப்பை மாட்டினதும் இன்னொரு தடவை. சுடுதண்ணீர் பம்பாக இருந்தால் ஓட்டிச் சூடான பிறகு மூன்றாவது தடவை. ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்ப்பது போதாது. டயல் கேஜ் (மிகச் சின்ன நகர்வையும் முள்ளால் காட்டும் கருவி) போடுங்கள், 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

உங்கள் கேஸில் எனக்குச் சந்தேகம் பைப் மேல்தான். கப்ளிங் மேல் டயல் கேஜை வைத்துவிட்டு டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்கத்து) ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முள் நகர்ந்தால் பைப் பம்பை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஆலையில் இப்படிக் கடைசி போல்ட்டைத் தளர்த்தினதும் ஆறு அங்குல பைப் 'டங்'கென்று ஒரு விரல் அகலத்துக்குப் பக்கவாட்டில் துள்ளியது. வெல்டர் அதை ஜாக்கி வைத்துத் தள்ளி போல்ட் போட்டிருக்கிறார்! அவ்வளவு பாரத்தையும் இரண்டு வருடம் பம்பு கேசிங் தாங்கியிருக்கிறது. பைப்புக்கு அதன் சொந்த சப்போர்ட் வேண்டும், ஃபிளாஞ்ச் இரண்டும் கையாலேயே சேர வேண்டும். ஃபவுண்டேஷன் கான்கிரீட்டும் செட்டின் எடையைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

கிளாண்டில் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்துக் கயிறு அடைப்பில்) சொட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது. முதலாளி திட்டுகிறார். இறுக்கினால் புகை வருகிறது.

முதலாளியிடம் சொல்லுங்கள், சொட்டத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு. அந்தத் தண்ணீர்தான் கிளாண்ட் கயிற்றுக்கும் ஸ்லீவுக்கும் (ஷாஃப்டின் மேல் போட்ட உறை) எண்ணெய் மாதிரி. நிறுத்த நினைத்து இறுக்கினால் கயிறு கருகும், ஸ்லீவில் கோடு விழும், அப்புறம் எந்தக் கயிறு போட்டாலும் ஒழுகும். ஸ்லீவின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் கயிறு வாங்குகிற காசு வீண், முதலில் ஸ்லீவை மாற்றுங்கள்.

பலர் பழைய கயிற்றை அப்படியே விட்டு மேலே ஒரு வளையம் சொருகுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் உருவி எடுத்து, ஸ்லீவ் சைஸில் உள்ள ஒரு ராடில் சுற்றி வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் வாயும் முந்தினதற்கு 90 டிகிரி தள்ளி வருகிற மாதிரி போடுங்கள். லேன்டர்ன் ரிங் (கயிறுகளுக்கு நடுவில் தண்ணீரைப் பரப்பும் வளையம்) இருந்தால் தண்ணீர் வரும் துளைக்கு நேராக நிற்க வேண்டும். நட்டை ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று, முடுக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், அப்புறம் அடுத்தது. சொட்டே வேண்டாம் என்றால் கயிற்றுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல் போடலாம், ஆனால் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினால்கூட அது கருகிவிடலாம்.

வால்வை முழுசாகத் திறந்தால் மோட்டார் டிரிப் ஆகிறது, பாதி மூடினால் ஆம்பியர் குறைகிறது. தலைகீழாக இருக்கிறதே? பம்பு 40 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்), டேங்க் 18 மீட்டரில்தான் இருக்கிறது.

தலைகீழ் எல்லாம் இல்லை, சென்ட்ரிஃபியூகல் (சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளும்) பம்பின் குணமே அதுதான். எதிர்ப்பு குறைந்தால் தண்ணீர் அதிகம் பாயும், அதிகம் பாய்ந்தால் அதிக பவர் இழுக்கும். டெலிவரி வால்வை மூடி ஸ்டார்ட் செய்யச் சொல்வதும் இதனால்தான். ஆனால் மூடியே ஓட்டக் கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்துவிடும்.

ஹெட்டைக் கொஞ்சம் கூடவே வாங்கி வைப்போம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு டெலிவரி வால்வைத் திருகி ஆம்பியரை நேம் பிளேட்டுக்குள் வையுங்கள். நிரந்தரத் தீர்வு இம்பெல்லரை (உள்ளே சுழலும் அந்தச் சக்கரம்) லேத்தில் கடைந்து விட்டத்தைக் குறைப்பது. பம்பு கம்பெனியின் கர்வை (ஹெட், ஓட்டம் காட்டும் வரைபடம்) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையுங்கள், வெட்டினதை ஒட்ட முடியாது. டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினாலும் பவர் கிட்டத்தட்ட பாதியாகும். ஆனால் ஹெட்டும் 40இல் இருந்து 25 பக்கம் இறங்கிவிடும், அது உங்கள் 18 மீட்டரையும் பைப் உராய்வையும் தாண்டுமா என்று கணக்குப் போட்டுவிட்டு டிரைவ் வாங்குங்கள்.

கோவையில் நன்றாக ஓடின பம்பைக் குன்னூர் டீ ஃபேக்டரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் அதே 6 மீட்டர் ஆழம்தான், ஆனால் உள்ளே ஜல்லி உருட்டுகிற மாதிரி சத்தம்.

பம்பு தண்ணீரை "இழுப்பது" என்று சொல்கிறோமே தவிர, தள்ளி ஏற்றுவது காற்றழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும், குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அங்கே 8 மீட்டர் சொச்சம்தான். அதில் 6 போய், புட் வால்வு, எல்போ, பைப் உராய்வு எல்லாம் கழிந்தால் இம்பெல்லர் வாயில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழாகி உடைகிறது, ஜல்லிச் சத்தம் அதுதான். இப்படியே விட்டால் இம்பெல்லர் கறையான் அரித்த மாதிரி ஆகிவிடும். பம்பை இறக்கித் தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள், சக்‌ஷன் பைப்பை (தண்ணீர் உள்ளே வரும் பைப்) ஒரு சைஸ் பெரிதாக்குங்கள். ரிடியூசரின் (பைப் சைஸைக் குறைக்கும் துண்டு) தட்டையான பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று தங்கும். சத்தத்தைக் குறைக்க சக்‌ஷன் வால்வை மட்டும் மூடாதீர்கள், இன்னும் மோசமாகும்.

பாய்லருக்கு 80 டிகிரி தண்ணீர் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான். அந்தச் சூட்டில் ஆவியழுத்தமே கிட்டத்தட்ட 5 மீட்டரைத் தின்றுவிடும், டேங்க்தான் பம்புக்கு மேலே இருக்க வேண்டும்.

பேரிங் சூடாகிறதென்று தினமும் கிரீஸ் அடிக்கிறேன், இன்னும் சூடாகிறது.

கிரீஸ் அடிப்பதால்தான் சூடு. பேரிங் உட்காரும் கூட்டின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் போதும். பழசை வழித்து எடுத்துவிட்டு அளவாகப் போடுங்கள்.

ஸ்டேண்ட்பை பம்பு ஆறு மாதமாகச் சும்மா நிற்கிறது. அவசரத்துக்கு ஓட்டலாமா?

முதலில் கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பிரைமிங் செய்து (பம்பில் தண்ணீர் நிரப்பி), டெலிவரி வால்வை மூடி ஸ்டார்ட் கொடுங்கள். சுற்றவில்லையென்றால் பைப் ரெஞ்சை மாட்டித் தொங்காதீர்கள், கிளாண்டைத் தளர்த்திவிட்டு முயலுங்கள். இனிமேல் வாரம் ஒரு தடவை சுற்றிவிட்டு, நிறுத்தும்போது கப்ளிங்கில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோடு போன வாரம் நின்ற இடத்தில் நிற்காமல் கால் சுற்று தள்ளி நிற்கட்டும். அப்படியே நின்றால் பக்கத்துப் பம்பின் அதிர்வில் பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் குழி போட்டுவிடும்.