மொராக்கோவின் வடக்கே, ஸ்பெயினுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டான்ஜியர் பல நாடுகளிடம் கைமாறிய ஊர். வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்ததைத் தவிர அதற்கென்று சொந்தக் கலை ஏதாவது உண்டா?

உண்டு. ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகும்போது ஒருநாள் படகேறி அங்கேயும் எட்டிப் பார்க்கலாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சரக்குக் கப்பலில் பதினேழு வருடம் குக்காக இருந்தவன். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கைமாறியது உண்மைதான். 1471-ல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். 1661-ல் தங்கள் இளவரசி கேத்தரினை இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்குப் பேசி முடித்தபோது, நம் பம்பாயோடு சேர்த்து டான்ஜியரையும் சீதனத்தில் வைத்தார்கள். ஆங்கிலேயர் கடலுக்குள் பெரிய அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். 1684-ல் ஊரை விட்டுப் போகும்போது அதைத் தாங்களே தகர்த்தார்கள். 1923 ஒப்பந்தப்படி அது பல நாடுகள் சேர்ந்து நிர்வகிக்கும் சர்வதேச மண்டலம் ஆயிற்று. 1940-ல் பாரிஸ் வீழ்ந்த அதே நாள் ஸ்பெயின் படை உள்ளே வந்தது. 1956-ல்தான் சுதந்திர மொராக்கோவோடு சேர்ந்தது.

ஓவியர்களும் இப்படித்தான் வந்து போனார்கள். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா 1832-ல் வந்தார். முஸ்லிம் வீடுகளுக்குள் அந்நிய ஆண் நுழைய முடியாது. அதனால் யூதர் வீட்டுக் கல்யாணம் ஒன்றைப் பார்த்துப் பிற்பாடு வரைந்தார். அது இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1912-ல் வந்தபோது விடாத மழை. ஓட்டல் அறை ஜன்னலில் தெரிந்ததை வரைந்தார். இரண்டுமே அற்புதமான படங்கள். அவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் ஒருவர் விருந்தாளி, இன்னொருவர் ஜன்னலோரம் நின்றவர்.

என் கதைக்கு வருகிறேன். எஞ்சின் கோளாறில் எங்கள் கப்பல் டான்ஜியர் மெட் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. அது ஊருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர். ராத்திரிச் சாப்பாட்டை உதவியாளான மெஸ்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, கரையிறங்க அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் வாங்கி, டாக்ஸியில் போனேன். பழைய ஊரை ஏறி இறங்கிவிட்டு ஒரு புத்தகக் கடையில் ஒதுங்கியபோது, ஒரு படப் புத்தகம் கையில் கிடைத்தது. நீர்வண்ணத்தில் தெரு, ஊர்வலம், கூட்டம். ஒவ்வொரு ஆளும் தனியாகத் தெரியும்படி சின்னச் சின்னதாக. நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்ட கடைக்காரப் பெரியவர், அரைகுறை ஆங்கிலத்தில், "இவர் சமையல்காரர்" என்றார்.

முகமது பென் அலி ரபாத்தி. 1861-ல் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜான் லேவரி என்ற பெரிய ஓவியருக்கு டான்ஜியரில் வீடு இருந்தது. அங்கே ரபாத்தி சமையல் வேலை பார்த்தார். அவர் வரைவதைப் பார்த்து லேவரியே ஊக்கம் கொடுத்தார். லண்டன் வரைக்கும் படங்கள் போயின. மொராக்கோவின் முதல் நவீன ஓவியர்களில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறார்கள்.

எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. ஸ்டோர் ரெஜிஸ்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, யாராவது வந்தால் மூடிவைத்தவன் நான். நான் கலை படித்தவன் இல்லை, அந்தப் படங்களை எடைபோட எனக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். அடுப்படியில் நிற்கிறவன் வீட்டை எந்தப் பக்கமிருந்து பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவர் காய்கறி வாங்கியிருப்பார்.

கப்பல்காரனுக்கு ஊர் பார்க்க ஏது நேரம் என்பீர்கள். சரியான கேள்வி. கன்டெய்னர்களை ஒரே நாளில் ஏற்றி இறக்கித் துரத்திவிடுகிறார்கள். ஒன்பது மாதக் கான்டிராக்டில் நான் மண்ணை மிதித்தது நான்கே தடவை.

சரி. ஒருநாள் பயணம் போதாது, இரண்டு ராத்திரி தங்குங்கள். மதுரை வரைக்கும் வந்துபோன பயணி இபின் பதூதா 1304-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் சமாதி என்று சொல்லும் இடம் பழைய ஊருக்குள் இருக்கிறது. புத்தகக் கடைக்குப் போனால் மத்தீஸைக் கேட்பதற்கு முன்னால் ரபாத்தியைக் கேளுங்கள்.