மேட்டில் மட்டும் கொதிக்கும் வேன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய வேன்களைப் பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. பூ, மீன், விருந்துச் சாப்பாடு, மணமேடை அலங்காரம் என்று பினாங்கில் நம்மவர் பலருடைய பிழைப்பு இன்னும் அந்தப் பழைய சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. 31 ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். 1992ஆம் ஆண்டு நிசான் வானெட் ஒன்றைக் குளுகோர் வீட்டு முற்றத்தில் இன்றும் என் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பூ வியாபாரி, ஆயர் ஈத்தாம்: ஐயா, என் வானெட் ஜெலுத்தோங் நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் சூடாவதில்லை. பாலிக் புலாவுக்குப் பூ கொண்டுபோகும்போது துன் சார்டோன் சாலையில் பாதி மேடு ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. ஒரு பட்டறையில், சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். பிறகு வாட்டர் பம்ப் மாற்றினார்கள். 400 வெள்ளிக்கு மேல் போய்விட்டது, சூடு மட்டும் குறையவில்லை. இப்போது எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

தம்பி, வேண்டாம். உங்கள் கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நிற்கும் வேனுக்குக் காற்று கொடுப்பது விசிறி மட்டும்தான். அங்கே சூடாகவில்லை என்றால் விசிறியும் பெல்ட்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள். மேட்டில் நிலைமை வேறு. எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கிறது, வெளியேற்ற வேண்டிய வெப்பம் பல மடங்காகிறது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாய்களில் சில அடைபட்டிருந்தால் சமதரையில் தெரியாது, மேட்டில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதே சாலையில் இதே தொல்லையை நான் அனுபவித்திருக்கிறேன். வானெட்டில் எஞ்சின் இருக்கும் இடமான இருக்கைக்கு அடியிலிருந்து வெல்லப் பாகு காய்ச்சுவது போல ஓர் இனிப்பு வாடை வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவம் ஆவியாகும் வாடை அது. ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. மறுநாள் காலை வேனின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எஞ்சினை இயல்பான சூடு வரும்வரை ஓடவிட்டு அணைத்தேன். பிறகு கீழே படுத்து ரேடியேட்டரின் முகப்பை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ் மூலையில், தொட்டால் குளிர்ந்த தோசைக்கல். சூடான தண்ணீர் அந்த மூலைக்குப் போகவே இல்லை. ரேடியேட்டர் கடையில் தொட்டியைத் திறந்து காட்டினார்கள். குழாய்களின் வாய் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியது போல மூடிக் கிடந்தது. எனக்கு முன் ஓட்டியவர் பல ஆண்டுகள் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியதன் விளைவு. கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்து தொட்டியை மறுபடி பற்றவைத்தார்கள். அன்று மாலையே அதே மேட்டில் ஏறினேன், முள் நடுவிலேயே நின்றது.

நீங்களும் அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். வானெட்டின் விசிறி பெல்ட்டால் சுற்றுவது, எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். மின்விசிறி வைத்த வேன் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கை வைக்கவே கூடாது. ரேடியேட்டர் முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அடுத்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது மின்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். அது பின்தங்கியிருந்தாலும் மேட்டில் சூடேறும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது வெறும் மூடியன்று. அதன் மேல் 0.9 என்று அழுத்த அளவு பொறித்திருக்கும். அந்த அழுத்தம் உள்ளே நிலைத்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறக்குறைய 119 பாகை வரை தாங்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று அதிகம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்து முகம் வெந்தவரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஆறிய பிறகு மட்டும் திறங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?" என்று கேட்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்ட வெகு நேரம் ஆகிறது, பெட்ரோல் வீணாகிறது, எண்ணெயில் கசடு சேர்கிறது. பழையது நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். என் மனைவி ஒதுக்கிவிட்ட பால் சட்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். சட்டித் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். அதன் தட்டில் 82 என்று இருந்தால் ஏறத்தாழ அந்தச் சூட்டில் நடுவாய் மெல்லத் திறக்க வேண்டும், கொதி வருவதற்குள் நன்றாக விரிந்துவிட வேண்டும். ஆறினால் மூடிக்கொள்ள வேண்டும். திறக்காமல் பிடிவாதம் பிடித்தால் தூக்கிப் போடுங்கள்.

ஆறிய எஞ்சினை மூடி திறந்த நிலையில் முடுக்கும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். அப்போதுதான் எஞ்சினைப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டும்.

பலகார வியாபாரி, பட்டர்வொர்த்: இரவு மழை பெய்தால் காலையில் என் வேன் ஸ்டார்ட் ஆவதில்லை. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. பேட்டரி புதியது.

பேட்டரி இதில் குற்றவாளி இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ பிளக் கம்பிகளிலோ ஈரம் இறங்கி மின்பொறி வழிதவறுகிறது. மழை பெய்த ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருக்கையைத் தூக்கி வையுங்கள். ஒருவர் எஞ்சினை முடுக்க, நீங்கள் கையை உள்ளே நீட்டாமல் தள்ளி நின்று பாருங்கள். கம்பிகளின் மேல் நீலமாக மெல்லிய கோடுகள் ஊர்ந்தால் அந்தக் கம்பிகள் முடிந்துவிட்டன. மூடியைக் கழற்றி உட்புறத்தை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது போல ஒரு கருங்கோடு இருந்தால் அது வெடிப்பு. துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லையென்றால் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தாலே போதும்.

ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ்: அப்பா போன ஆண்டு தவறிவிட்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பந்தலுக்குப் பானைகளும் அரிசி மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு போன அவருடைய வானெட்டை விற்க எனக்கு மனம் வரவில்லை. நானே பராமரிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? பெண் என்பதால் முடியாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மகளே, அந்த வேன் உங்களிடமே இருக்கட்டும். முடியாது என்று சொல்கிறவர்கள் ஒரு நாளாவது கையில் ஸ்பேனர் பிடித்தவர்களா என்று கேளுங்கள். இந்த வேலைக்குத் தேவை பொறுமையும் கண்ணும். பலம் வேண்டிய இடத்தில் நீளமான கைப்பிடி போதும்.

முதலில் வாங்க வேண்டியவை ஓர் இணை நல்ல ஜாக் ஸ்டாண்டுகள். வெறும் ஜாக்கை நம்பி வேனுக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் ஏற்றியபின் வேனை நன்றாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

முதல் வேலையாக எண்ணெய் மாற்றுங்கள், இரண்டாவதாக வால்வு இடைவெளி. உங்கள் அப்பாவின் வேனில் 1.5 லிட்டர் ஏ15 எஞ்சின் இருந்தால், சூடான நிலையில் இடைவெளி 0.35 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளின் கட்டு. அதில் 35 என்று எழுதிய தகட்டை, வால்வை அழுத்தும் ராக்கரின் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே நுழைத்து இழுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுவது போன்ற பிடிப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் தளர்வு, வர மறுத்தால் இறுக்கம். முதல் நாள் எட்டு வால்வுக்கும் அரை நாள் பிடிக்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தளர்ந்த வால்வு சத்தம் போடும். இறுகிய வால்வு சத்தமில்லாமல் எரிந்துபோகும். என்னைக் கேட்டால் சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம்.

வடித்த எண்ணெயைக் கேனில் ஊற்றி மூடி, அதைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மலேசிய விதிகளில் பழைய எஞ்சின் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணிட்ட அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றினால் அது நேரே கடலுக்குப் போகிறது, பாயான் லெப்பாஸ் கடலோரத்தில் வலை போடுகிறவர்களின் வயிற்றில் அடிக்கிற செயல் அது.

உணவு விநியோகிப்பவர், பிறை: பிரேக் மிதி முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம், ஒரு நாள்கூட. பின் சக்கர பிரேக் டிரம்களைத் திறந்து, ஷூக்களைத் தள்ளும் வீல் பம்ப்பின் ரப்பர் உறையின் ஓரத்தைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு. ஈரம் இல்லாமல் பிரேக் ஷூ மட்டும் தேய்ந்திருந்தால் அட்ஜஸ்டரைச் சரிசெய்தாலே மிதி மேலே வந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் மிதியோடு இணைந்த மாஸ்டர் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 பாகைதான். பாரம் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் எவ்வளவு சூடாகும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும், வேன் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். மாஸ்டர் பம்ப்புக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து, பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றத் தொடங்குங்கள். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மீன் வியாபாரி, பத்து மாவுங்: வேனின் அடிப்பகுதி துருப்பிடித்துவிட்டது. சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். புட்டி அடித்துக் கறுப்புச் சாயம் பூசினால் தேறிவிடும் என்கிறார் ஒருவர்.

அண்ணே, மனம் நோகாமல் கேளுங்கள். மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் தரைத் தகட்டின் மடிப்பில் இறங்கி உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே ஒரு காசு அளவுக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும், இற்றுப்போனது அழுகிய பலாப்பழத்தைத் தட்டியது போல ஒலிக்கும். அந்த இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் புட்டி பூசுவது உங்களையும் எதிரே வருகிறவரையும் ஏமாற்றும் வேலை.

தரைத் தகடு மட்டும் என்றால் வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் தொட்டியையும் இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஓடும் சட்டமே இற்றிருந்தால், ஸ்பிரிங் பொருந்தும் இடம் இற்றிருந்தால், என் தீர்ப்பு அந்த வேனுக்கு விடை கொடுப்பதுதான். இதை எழுத எனக்கும் வருத்தமாக இருக்கிறது. சட்டம் உறுதியாக இருந்தால் இன்று முதல் ஒவ்வொரு மாலையும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள்.

மாணவர், ஜார்ஜ் டவுன்: பழைய டயர் புதிதுபோல மின்னுகிறது. வயதை எப்படி அறிவது?

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு எண்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் அந்த நான்கு எண்களும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், உட்புறத்தையும் பாருங்கள். பாரம் ஏற்றும் வேனுக்கு, அளவின் இறுதியில் சி என்ற எழுத்துள்ள டயரையே கேட்டு வாங்குங்கள். வேனின் அடியில் தொங்கும் உபரி டயரையும் இந்த வாரம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அதன் சங்கிலி துருப்பிடித்து இறுகிப் போனால் இரவில் நடுச்சாலையில் அது இறங்கவே இறங்காது. சங்கிலிக்கும் திருகுக்கும் கிரீஸ் தடவிவிட்டு மேலே ஏற்றுங்கள்.