வெளிநாட்டு வங்கி கவிழ்ந்தால் அந்த நாட்டு அரசு பணம் தருமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். 60,000 பவுண்டு சேமிப்பு இருக்கிறது. வேறொரு ஐரோப்பிய நாட்டு வங்கி கூடுதல் வட்டி தருகிறது. 'ஐஸ்லாந்து வங்கியில் போட்டவர்கள் பட்ட பாடு தெரியாதா?' என்கிறார் நண்பர். வங்கி மூழ்கினால் அந்த நாட்டு அரசு எங்கள் பணத்தைத் தர வேண்டாமா?

பதில்: தர வேண்டும் என்பது நியாயம். தந்தே தீரும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

நண்பர் சொல்வது லேண்ட்ஸ்பாங்கி வங்கியின் 'ஐஸ்சேவ்' கணக்கு. 2008 அக்டோபரில் வங்கி கவிழ்ந்தபோது பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூன்று லட்சம் பேருக்கு மேல் அதில் பணம் வைத்திருந்தார்கள். ஐஸ்சேவ் லேண்ட்ஸ்பாங்கியின் கிளையாக நடந்ததால், முதல் 20,887 யூரோவுக்கு ஐஸ்லாந்தின் உத்தரவாத நிதியமே (வங்கி மூழ்கினால் வைப்புப் பணத்தைத் தருவதற்கான நிதியம்) பொறுப்பு. அந்த நிதியத்தில் அவ்வளவு பணம் இல்லை. உங்களைப்போல் 60,000 பவுண்டு போட்டிருந்தவரின் கணக்கைப் பாருங்கள்: சுமார் 16,000 பவுண்டு ஐஸ்லாந்து தர வேண்டியது, அதற்கு மேல் 50,000 வரை பிரிட்டன் காப்பீடு, மிச்சம் 10,000-க்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பிரிட்டன் அரசு முழுப் பணத்தையும் தானே கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் கேட்டதால்தான் அவர் தப்பினார். அது அரசின் முடிவு, அவருடைய உரிமை அல்ல.

பிரிட்டனும் நெதர்லாந்தும் கேட்டது ஏறக்குறைய 400 கோடி யூரோ. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 3.2 லட்சம், தலைக்கு 12,000 யூரோவுக்கு மேல். 2010-லும் 2011-லும் நடந்த வாக்கெடுப்புகளில் ஐஸ்லாந்து மக்கள் அந்தப் பணத்தைத் தர மறுத்தார்கள். நிதியத்தால் முடியாதபோது அரசு கொடுத்தாக வேண்டும் என்று அன்றைய விதி சொல்லவில்லை என 2013 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத ஐஸ்லாந்து போன்ற நாடுகளுக்கான எஃப்டா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் வங்கியின் சொத்துகளை விற்றுத்தான் கடன் அடைந்தது. அதற்கு 2016 ஆகிவிட்டது.

உள்நாட்டுக்காரர் கணக்குகளைப் புது வங்கிக்கு மாற்றிக் காப்பாற்றிவிட்டு, அதே வங்கியில் போட்ட வெளிநாட்டாரை வரிசையில் நிற்க வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் மீனவரும் ஆசிரியரும் வரியாகச் சுமக்க வேண்டிய கடனும் அல்ல அது. வெளிநாட்டில் அவ்வளவு வைப்புத்தொகை திரட்ட விட்டுவிட்டு நிதியத்தைக் காலியாக வைத்திருந்ததுதான் மூலத் தவறு.

இப்போது உங்கள் பணம். கணக்கு யார் பெயரில், எந்த நாட்டு உரிமத்தில் இருக்கிறது என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஒரே உரிமத்தில் இரண்டு மூன்று பெயர்கள் ஓடும், வரம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். பிரிட்டனின் வைப்புப் பாதுகாப்புத் திட்டமான எஃப்எஸ்சிஎஸ் (FSCS) தளத்தில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடலாம். அதன் பாதுகாப்பு இருந்தால், 2025 டிசம்பர் 1 முதல் ஒருவருக்கு, ஒரு உரிமத்துக்கு 1,20,000 பவுண்டு வரை கிடைக்கும். உங்கள் 60,000 வட்டியோடு சேர்ந்து உள்ளே அடங்கிவிடும்.

கணக்கு ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வங்கியிலேயே நேரடியாக இருந்தால் வரம்பு 1,00,000 யூரோ. தர வேண்டியது அந்த நாட்டுத் திட்டம். கணக்கு யூரோவில் என்றால் மாற்று விகித இழப்பு உங்களுடையது. வட்டி வித்தியாசம் அரை சதவீதம் என்றால் 60,000-க்கு ஆண்டுக்கு 300 பவுண்டு. அதற்காக எஃப்எஸ்சிஎஸ் பாதுகாப்பை விட்டு வெளியே போகச் சொல்ல மாட்டேன்.