ஓதம் ஏறும் சுவர்

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பதினெட்டு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். போன வைகாசியில் லெட்ச்வொர்த் என்ற ஊரில் ஒரு சிறிய வீடு வாங்கினோம். 1905இல் நடந்த மலிவு வீட்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது என்று பத்திரத்தோடு வந்த தாள்களில் இருக்கிறது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல்கள். முன்னறையில் கணப்படுப்பும் அதன் இரண்டு பக்கமும் உட்காரப் பலகையும் உண்டு. கைவேலைக்கு மதிப்புக் கொடுத்த 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' பாணி என்கிறார்கள். பயன்படும் என்று அறியாத, அழகு என்று நம்பாத எதையும் வீட்டில் வைத்திருக்காதே என்று அந்தப் பாணியின் முன்னோடியான வில்லியம் மோரிஸ் சொன்னதை வாசித்ததிலிருந்து இதை வடிவாக அலங்கரிக்க வேண்டும் என்று ஆசை.

முன்னறைக்கு மோரிஸின் வில்லோ இலைச் சுவர்த்தாள் ஒட்டலாமா, சிறிய அறைக்கு அது பாரமாகத் தெரியுமா? மரவேலைக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பதா, அப்படியே விடுவதா? வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் இருக்கிறது. சுவரில் துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, தண்ணீர் புகாத சிமெண்ட் பூசித் தருகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அது முடிந்ததும் தாள் ஒட்டலாம் என்றிருக்கிறோம். ஜன்னல்களையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றலாம் என்பது கணவரின் எண்ணம். 150 பவுண்டுக்குக் கட்டிய கூலிக்காரர் வீடுதானே, இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்கிறார். சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

க.

*

அன்புள்ள க.,

ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் வேலையை இன்றே நிறுத்தி வையுங்கள். கொடுத்திருந்தாலும் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசாமி குடியிருந்த ஒரு வீட்டைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இங்கிலாந்தில்தான், உங்களுக்கு மேற்கே, காட்ஸ்வோல்ட் பகுதியில் பிராட் கேம்ப்டன் என்ற கிராமத்தில் இருக்கிறது. நார்மன் காலத்துச் சிறிய தேவாலயம், பாழடைந்து கிடந்தது. கிழக்கு லண்டனிலிருந்து தன் கைவினைஞர்களையும் அவர்கள் குடும்பங்களையும் 1902இல் அந்தப் பக்கம் கூட்டிவந்த சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர், நின்றுகொண்டிருந்த பழைய சுவர்களை வைத்துக்கொண்டே அதைக் குமாரசாமிக்குக் குடியிருக்கும் வீடாக்கித் தந்தார். 1907இல் குமாரசாமி அங்கே குடிவந்தார். மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய கை அச்சு இயந்திரம் ஆஷ்பி வழியாக அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இலங்கையின் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1908இல் அதில்தான் 425 பிரதிகள் அச்சிட்டார். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட முத்து குமாரசாமியின் மகன், உங்கள் ஊர்க்காரர். உங்களுக்கு மோரிஸைத் தெரிந்திருக்கிறது, குமாரசாமியைத் தெரிந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மோரிஸின் அந்த வாக்கியத்தை எல்லோரும் சொல்கிறார்கள். சாமான் வாங்கக் கிளம்பும்போது சொல்ல வசதியான வாக்கியம். அவர் 1877இல் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அந்த வருடம் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். புதுப்பிக்கிறேன் என்று தேவாலயச் சுவர்களின் பழைய பூச்சைச் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அந்தச் சங்கத்துக்கே 'சுரண்டல் எதிர்ப்பு' என்று பட்டப்பெயர் வந்தது. அதன் அறிக்கையில் மோரிஸ் கேட்டது மிகச் சிறிய விஷயம். அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுங்கள், ஒழுகும் கூரையைச் செப்பனிடுங்கள் என்றார். அந்த வருடம் ஆகஸ்டில்தான் கொழும்பில் குமாரசாமி பிறந்தார். பிறகு இலங்கையில் கனிமவியல் ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியபோது, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுங்கள் என்று கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அது 1905இல், உங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பிய அதே வருடம்.

இனி உங்கள் வடக்குச் சுவருக்கு வருகிறேன். எங்கள் பக்கம் அந்த ஈரத்துக்கு ஓதம் என்று பெயர். அதைப் பற்றி நான் பேசுவதற்குக் காரணம் உண்டு.

தென்காசிப் பக்கம் எங்கள் ஆச்சி வீடு. ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர், மேலே காரைப்பூச்சு. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். முந்தின நாளே சுண்ணாம்புக் கட்டியைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்து, நசுக்கி நாராக்கிய மட்டையால் அடிப்பார்கள். அடித்த கையோடு பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நனைந்த சாம்பல் நிறமாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காய்ந்திருக்கும். வாசலில் நிற்கும்போதே கண் கூசும்.

மத்தியானம் சாப்பிட்டதும் ஆச்சி பட்டகசாலைச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்காருவாள். சேலையில் வெள்ளை ஒட்டும். எழுந்திருக்கும்போது தட்டிவிட்டுப் போவாள்.

1996இல் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டக் கூடாது என்று முடிவு செய்தவன் நான்தான். அப்போதுதான் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தேன். இடுப்பளவுக்குக் காரையைக் கொத்தி எடுத்து சிமெண்ட் பூசச் சொன்னேன். அதற்கு மேல் முழுக்க எமல்ஷன், இளம் ரோஜா நிறம். கல்யாணப் படங்களில் சுவர் பளபளவென்று இருக்கிறது. அந்தக் கோடையில் ஆச்சி சுவரில் சாயவில்லை. முதுகு வேர்க்குது என்றாள். தலையணையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வருடம் சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே ஒரு கோடு விழுந்தது. அங்கே உப்பு பூத்து, எமல்ஷன் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். அடுத்த வருடம் கோடு இன்னும் ஒரு முழம் ஏறியது. கடைசியில் வாசல் நிலை. பலா மரத்தில் இழைத்தது, அடியில் தாமரை மொட்டு செதுக்கியிருக்கும். சுவரோடு ஒட்டிய பக்கம் கறுத்திருந்ததால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஊறிய அவல் மாதிரி உள்ளே போனது. மொட்டு கையோடு வந்துவிட்டது. அப்போது ஆச்சி இல்லை. அந்த மொட்டு என் மேசையில் இருக்கிறது, இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தரை ஈரம் செங்கலுக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அது வழியாக ஆவியாகிப் போகும், கூடவே கொண்டுவரும் உப்பு பூச்சின் மேல் பூக்கும். பூச்சு கொஞ்சம் உதிரும். உதிர்வதற்காகவே இருக்கிறது அது. செங்கல்லுக்கும் மரத்துக்கும் வர வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்கிறது. நாம் ஆண்டுக்கு ஒருமுறை மேலே பூசிக்கொள்வோம். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வாசலை அடைத்துவிடும். வெளியே வழியில்லாத ஈரம் மேலே ஏறும், மரம் எங்கே இருக்கிறதோ அங்கே தங்கும். ஆச்சியின் முதுகுக்குக் குளிர்ச்சி கொடுத்ததும் அந்த ஆவியாதல்தான். அதை நான் காசு கொடுத்து நிறுத்தினேன்.

நீங்களும் காசு கொடுத்து அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

1905இல் கட்டிய செங்கல் வீடு பெரும்பாலும் ஒன்பது அங்குலத் திடச் சுவராக இருக்கும், நடுவில் இடைவெளி இருக்காது. அடியில் ஓதம் ஏறாமல் தடுக்க ஸ்லேட்டுப் பலகையோ தாரோ ஒரு வரிசை வைத்திருப்பார்கள். நூறு வருடம் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. இப்போது ஏன் செய்யவில்லை? மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். கூரைத் தூம்பு வழிந்து சுவரில் வடிகிறதா? கீழே வரும் குழாயில் விரிசல் உண்டா? யாரோ பூச்செடி வைக்கிறேன் என்று மண்ணைச் சுவரோடு அணைத்திருக்கிறார்களா? வெளித்தரை அந்தத் தடுப்பு வரிசைக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மண் அதைத் தாண்டி ஏறிவிட்டால், உள்ளே எத்தனை துளை போட்டு என்ன மருந்து ஏற்றினாலும் பயனில்லை. தரைக்கு அடியில் காற்றோடத் துளையிட்ட செங்கல்கள் இருக்கும், அவற்றை அடைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கணப்படுப்பின் புகைபோக்கியை மூடியிருந்தால் சிறு திறப்பாவது விடச் சொல்லுங்கள். நம் சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறு வடிக்கும் ஆவி, குளிர்காலத்தில் ஹீட்டர் மேல் காயப்போடும் துணி, இரண்டும் சேர்ந்து வடக்குச் சுவரில்தான் போய் வியர்க்கும். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஈரம் நின்றால், மருந்தும் சிமெண்டும் விற்காத, பழைய கட்டடங்களில் பழகிய ஒரு சர்வேயரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். இலவசமாக வந்து பார்ப்பவர் தான் விற்பதைத்தான் பரிந்துரைப்பார். மோரிஸ் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது, தொலைபேசியில் கேட்டால் ஆலோசனை சொல்கிறார்கள். வெளிப்பூச்சை யாராவது இடையில் சிமெண்டாக மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கண்காட்சி வீடுகளில் கான்கிரீட்டில் பரிசோதனை செய்தவையும் உண்டு. உங்கள் சுவர் எது என்று தெரியாமல் உளியை வைக்க விடாதீர்கள்.

மற்றவை சிறியவை. ஜன்னலின் இரும்புச் சட்டத்தைப் பழுதுபார்த்து, குளிருக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எதை மாற்றினாலும் லெட்ச்வொர்த்தில் பாரம்பரிய அறக்கட்டளையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும், அதைக் கணவருக்குச் சொல்லுங்கள், வாதம் அங்கேயே முடிந்துவிடும். மரவேலை இன்றுவரை பெயிண்ட் காணாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பழைய பெயிண்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

அந்தத் 'தானே' மட்டும் என்னை விடவில்லை. 150 பவுண்டுக்குக் கட்டிய கூலிக்காரர் வீடுதானே. உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படி எழுதினீர்கள்? 150 பவுண்டு என்பது அந்தக் கண்காட்சி வைத்த உச்சவரம்பு. நாட்டுப்புறக் கூலிக்காரன் வாடகை கொடுத்துக் குடியிருக்கக்கூடிய விலையில், காற்றும் வெளிச்சமும் தோட்டமும் உள்ள வீட்டைக் கட்டிக் காட்டுங்கள் என்று அறைகூவல் விட்டார்கள். நூற்றுக்கு மேல் வீடுகள் எழுந்தன. அந்த ஊருக்கு வரைபடம் போட்ட ரேமண்ட் அன்வின், மோரிஸோடு ஒரே சோஷலிசக் கட்சியில் இருந்தவர். மோரிஸின் கம்பளங்களும் சுவர்த்தாள்களும் பணக்காரர் வீட்டுக்குத்தான் போயின. அந்த வேதனை அவருக்குக் கடைசிவரை இருந்தது. உழைப்பவனுக்கும் அழகான வீடு வேண்டும் என்று அவர் பேசியதை உங்கள் ஊரில்தான் செங்கல்லில் கட்டிப் பார்த்தார்கள். கணப்படுப்பின் பக்கத்தில் அந்தப் பலகையைப் போட்டவன் நாள் முழுக்க வயலில் நின்றவன் வந்து உட்காரட்டும் என்று போட்டான். யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு வீட்டின் விலை தெரியாமல் இருக்காது. கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டின் மேல் உங்களுக்கு ஆசை இல்லை என்றால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

சுவர்த்தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரத்துக்குக் காரணமானதைச் சரிசெய்த பிறகு, திடச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் காயும் என்பது அங்கே கொத்தனார்கள் கணக்கு. உங்கள் சுவர் ஒன்பது அங்குலம். பழுதான இடத்தில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசி, பால் மாதிரி நீர்த்த சுண்ணாம்பை நாலைந்து தடவை அடித்துவிட்டு ஒரு வருடம் அப்படியே விடுங்கள். எமல்ஷனின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு வருடம் காலையிலும் சாயங்காலத்திலும் அந்த அறைக்குள் வெளிச்சம் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த வைகாசியில் எழுதுங்கள், வில்லோ இலையைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்.