சொதிக்கு ஒரு பெட்டி, சோற்றுக்கு ஓர் இலை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து மட்டக்களப்பு நகரத்து அலுவலகங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். நாளாந்தம் சோறு, மீன் குழம்பு, பருப்பு, கீரைச் சுண்டல், சொதி. வெள்ளிக்கிழமைகளில் கோழிப் புரியாணி. கடையில் கறுப்பு அடிப்பாகமும் தெளிந்த மூடியும் உள்ள பெட்டி, முழுவதும் பால் நிறமான பெட்டி, கண்ணாடி போல் பளபளக்கும் பெட்டி என மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது? சூட்டோடு கட்டலாமா, ஆறவைத்துத்தான் கட்ட வேண்டுமா?
— ஒரு வாசகி, கல்லடி

பதில்: சகோதரி, மூன்று பெட்டிகளையும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளின் அடியில், முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரையான ஓர் எண் இருக்கும். அந்த எண் தரத்தைச் சொல்வதில்லை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் சமையலுக்கு வேண்டியது 5, அதாவது பொலிப்ரொப்பிலீன். அது உருகுவதற்கு ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டுமாகையால், கொதிக்கக் கொதிக்க ஊற்றிய சொதியிலும் உருக்குலையாது. குழம்பின் எண்ணெயையும் புளியையும் தாங்கிக்கொள்ளும். கண்ணாடி போல் பளபளப்பது பெரும்பாலும் 1 என்ற எண்ணுடைய பெட் வகை. தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பொருள். 70 பாகையை எட்டும்போதே அது இளகி வளையத் தொடங்கும். பழக்கலவைக்கும் குளிரவைத்த வட்டிலப்பத்துக்கும் அது பொருத்தம், சுடுசோற்றுக்குக் கூடாது. 6 என்ற எண் பொலிஸ்டைரீனுக்கு உரியது; சூடும் எண்ணெயும் சேரும் இடத்தில் அதிலுள்ள ஸ்டைரீன் உணவுக்குள் இறங்கக்கூடும் என்பதால் அதை உங்கள் சமையலறைக்குள்ளேயே எடுக்க வேண்டாம்.

பலர் தவறுவது மூடியில்தான். கறுப்பு அடிப்பாகத்தில் 5 என்று கண்டதும் திருப்தியடைந்து காசைக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் மூடி வேறு பொருளில் செய்யப்பட்டிருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு புரியாணிப் பார்சலை மூடியோடு மைக்ரோவேவில் வைத்தபோது, இரண்டு நிமிடத்துக்குள் மூடி சுருங்கிச் சோற்றின் மேல் படிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் 5, மூடி 6. உங்கள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் அதே பெட்டியைச் சூடாக்க மாட்டார் என்று நீங்கள் நினைக்க முடியாது. ஆகவே மூடியையும் திருப்பி அதன் எண்ணைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் 5 ஆக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எண் எதுவும் இல்லாத பெட்டியை வாங்காதிருப்பதே நல்லது. ஏற்கனவே வாங்கிவிட்டீர்களென்றால், ஓரத்தில் சிறு துண்டு வெட்டி ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் அமிழ்த்தி விடுங்கள். பொலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மேலே வந்துவிடும்; பெட்டும் கெட்டியான பொலிஸ்டைரீனும் அடியில் தங்கிவிடும். மிதப்பதெல்லாம் நல்லது என்று இதற்குப் பொருளல்ல, பொலிஎதிலீனும் மிதக்கும். ஆனால் அமிழ்ந்துபோவதைச் சுடுசாப்பாட்டுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடலாம். இன்னொன்று, எண் 5 என்பதாலேயே அது உணவுக்கென்று செய்யப்பட்டது ஆகிவிடாது. குவளையும் முட்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி பெட்டியாக வாங்கும்போது, உணவுக்கு உகந்தது என்பதற்கான ஆவணத்தை மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நிறத்தில் நான் பால் நிறத்தையே தேர்வேன். கறுப்பு நிறம், பழைய மின்சாரப் பொருட்களிலிருந்து மீள எடுத்த பிளாஸ்டிக்கையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடக்கூடியது. பால் நிறப் பெட்டியில் மஞ்சள் கறை ஒட்டும், அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். "நன்றாக ஆறவைத்துப் பிளாஸ்டிக்கில் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வெப்பத்தில் அந்த அறிவுரை சோற்றுக்கு ஆபத்தாக முடியலாம். சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் சமைத்த பின்னும் உயிரோடிருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை முளைத்துப் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை விட்டுவிடும். காலை ஒன்பது மணிக்கு இறக்கிய சோறு தாச்சியிலேயே மெல்ல ஆறி, பத்தரைக்குப் பெட்டிக்குள் போய், ஒரு மணிக்கு மேசைக்கு வருவதென்றால், அது ஏறத்தாழ முழு நேரமும் அந்த ஆபத்தான சூட்டிலேயே இருந்திருக்கிறது. ஆகவே சமையலைத் தாமதமாக முடித்து, ஆவி பறக்கும்போதே எண் 5 பெட்டியில் கட்டி, வெப்பம் காக்கும் பெட்டியில் அடுக்கி அனுப்புங்கள். நான் ஆறச் சொல்வது எண்ணெயை மட்டும்தான். தாளித்த எண்ணெயும் பொரித்தெடுத்த மீனும் கொதிநீரைவிட எவ்வளவோ சூடானவை. சலசலப்பு அடங்கி எண்ணெய் வடியும் வரை பொறுத்திருங்கள். பொரித்தவற்றை மூடிய பெட்டியில் வைத்தால் ஆவியில் நனைந்து தொய்ந்துவிடும், தாள் பையே போதும். பழைய செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அதன் மை உணவில் ஒட்டும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஐந்தாறு பெட்டிகளை வாங்கி வந்து, சூடான சொதியை ஊற்றி மூடி, மோட்டார் சைக்கிளில் காத்தான்குடி வரை போய்த் திரும்புங்கள். ஒரே அளவான இரு பெட்டிகளைத் தராசில் வைத்தும் பாருங்கள். மலிவானது பெரும்பாலும் மெலிந்ததாக இருக்கும், மெலிந்த விளிம்பு சூட்டில் நெளிந்து மூடி விலகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சகோதரி, சோற்றையும் சுண்டலையும் வாழையிலையில் மடித்து மேலே தாள் சுற்றிக் கொடுக்க முடியுமா என்றும் யோசியுங்கள். சொதிக்கும் குழம்புக்கும் சிறு பெட்டிகள் போதும். வாட்டிய இலையின் வாசம் சோற்றில் இறங்குவதை எந்தப் பெட்டியும் தரப்போவதில்லை. இலையைத் தணலில் வாட்டிவிட்டு மடித்தால் கிழியாது.

கேள்வி: ரெஜிபோம் பெட்டிகள் இன்னும் சில இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. சிறிய கொத்து ரொட்டிக் கடைக்கு அவை ஆகாதா?
— ஒரு வாசகர், கல்முனை

பதில்: ஆகாது, தம்பி. உணவுக்கான ரெஜிபோம் பெட்டிகளும் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பர் 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டவை. 2023 ஒக்டோபர் 1 முதல், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, முட்கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு ஆகியவையும் அந்தத் தடைக்குள் வந்துவிட்டன. சட்டத்தை விட்டாலும், ரெஜிபோமும் நான் மேலே சொன்ன பொலிஸ்டைரீனேதான். கொத்து தட்டும் தட்டிலிருந்து நேரே எடுத்த எண்ணெய்ச் சூடு அதற்கு ஒவ்வாதது. உங்கள் மலிவு அடுத்த சோதனையோடு முடிந்துவிடும்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுக்கும் பெட்டிகளைக் கழுவி மறுபடி பாவிக்கலாமா? எறிய மனம் வரவில்லை.
— ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. 2022 ஜனவரியில் அம்பாறைக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டவை ஏறத்தாழ இருபது என்று செய்தி வந்தது. உணவின் வாசனை ஒட்டியிருந்ததால்தான் அந்த யானைகள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. ஆயினும் மெல்லிய பார்சல் பெட்டிகளை இன்னொருவருக்குப் பரிமாறாதீர்கள். கரண்டி கீறிய கோடுகளில் எண்ணெய் தங்கும், கிருமியும் தங்கும். அந்தப் பெட்டியில் வேறு என்ன வைத்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் தம் வீட்டில் பருப்பு, கடலை போட்டு வைக்கப் பாவிக்கட்டும். நாள்தோறும் வாங்குபவர்களுக்கு மட்டும் அடுக்குச் சட்டி முறையைச் சொல்லிப் பாருங்கள்: ஒருவருக்கு இரண்டு எவர்சில்வர் அடுக்குகள், வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு, இன்று போவது நாளை கழுவி வர வேண்டும். மீதியாகிப்போகும் பிளாஸ்டிக் பெட்டிகளை எண்ணெய் போகக் கழுவி, உணவுக் கழிவோடு கலக்காமல் தனிப் பையில் கட்டி, உங்கள் உள்ளூராட்சி சபை தரம்பிரித்து எடுக்கும் நாளில் வையுங்கள்.