எட்டு மிஷின் யூனிட்டில் கைமடி ஆளைக் குறைக்கலாமா?

எட்டு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்கு டீ-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறோம், வேலையை எப்படிப் பிரித்தால் பீஸ் வேகமாக இறங்கும், டைலருக்குக் கையுதவி செய்யும் கைமடி ஆட்களில் ஒருவரை நிறுத்தினால் செலவு மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். முடிந்தால் இன்னொருவரைச் சேருங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் நான் கைமடியாகத்தான் நுழைந்தேன். பிசிறு வெட்டுவது, பண்டல் பிரிப்பது, டைலருக்கு எடுத்துக் கொடுப்பது எதையும் அங்கே யாரும் வேலையாகவே மதித்ததில்லை. சம்பளம் கூட்டிக் கேட்டால் "நீ என்ன தைக்கவா செய்யற?" என்பார்கள். இன்று சொந்தமாகச் சின்ன யூனிட் நடத்துகிறேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் யூனிட்டில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சோல்டர், அதாவது தோள் பகுதியை ஓவர்லாக்கில் (ஓரம் பிரியாமல் மூட்டும் மிஷின்) அடிக்கும் டைலர் கை வேகமான ஆள், அதோடு தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கூலி. அவர் அடித்துத் தள்ளியதெல்லாம் கழுத்து ரிப் (கழுத்தில் வைக்கும் இழுபடும் பட்டைத் துணி) ஏற்றும் மிஷினுக்கு முன்னால் குவிந்து கிடக்கும். கடைசியில் பாட்டம், அதாவது கீழ் ஓரத்தை மடித்து அடிக்கும் பிளாட்லாக் மிஷின் டைலர் பீஸ் வராமல் உட்கார்ந்திருப்பார். கணக்கு எளிது. சோல்டருக்கு 20 விநாடி என்றால் மணிக்கு 180 பீஸ். கழுத்துக்கு 45 விநாடி என்றால் மணிக்கு 80 பீஸ்தான். யார் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் யூனிட்டை விட்டு வெளியே போவது அந்த 80தான்.

எங்களிடமும் கழுத்தில்தான் தேங்கியது. இன்னொரு ஓவர்லாக் வாங்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் வாட்ச்சை வைத்துக்கொண்டு அந்த டைலர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊசி ஓடும் நேரம் பாதிகூட இல்லை. ரிப்பைத் தேடி எடுக்கிறார், இரண்டாக மடிக்கிறார், பாடியின் நடுவைக் கண்டுபிடிக்கிறார், இழுத்துப் பார்க்கிறார், சரியாக வராமல் மறுபடி வைக்கிறார். உடனே ரிப்பை வளையமாக மூட்டும் வேலையைப் பவர் டேபிளுக்கு (சாதாரண நேர்த்தையல் மிஷின்) மாற்றினேன். வளையத்தை மடித்து, ரிப்பிலும் பாடியிலும் நாலு இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, குறிக்குக் குறி சேர்த்து டைலரின் இடது கைக்கு நேராக அடுக்கி வைக்க ஒரு கைமடி அக்காவை உட்காரவைத்தேன். டைலர் எடுக்க வேண்டியது, ஓட்ட வேண்டியது, அவ்வளவுதான். 45 விநாடி 30க்கு வந்தது. மணிக்கு 120 பீஸ். புது மிஷின் வாங்கவே இல்லை.

அப்புறம் பீஸ் ரேட். தனித்தனி ரேட் இருக்கும்வரை யாரும் அடுத்த மிஷினைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "நான் தெச்சதுக்குக் காசு குடுங்க, பிளாட்லாக்ல தேங்கி நின்னா நான் என்னங்க பண்றது?" என்று ஓவர்லாக் தம்பி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதனால் முடிந்து இறங்கும் பீஸுக்கு மொத்தமாக ஒரு ரேட் வைத்து, வேலைக்குத் தகுந்தபடி பங்கு பிரித்தோம், கைமடிக்கும் சேர்த்து. இப்போது சோல்டர் முடிந்ததும் அந்தத் தம்பியே எழுந்து போய்ச் சைடு அடிக்கிறார்.

இப்படிச் செய்தால் சோம்பேறி பிழைத்துக்கொள்வான் என்று சிலர் வருவார்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் அது நடக்கலாம். பத்துப் பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் ஷெட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய பேக்டரிக்கு நான் யோசனை சொல்லவில்லை, அவர்களுக்கு அதற்கென்று படித்த ஆட்கள் இருக்கிறார்கள்.

கலர் மாற்றும்போதும் நேரம் போகும். வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம் என்று வரிசையாக ஏற்றுங்கள். ஓவர்லாக்கில் பழைய நூலை அறுத்து அதன் நுனியில் புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்தால் லூப்பர் நூல் (ஊசியில் கோக்காத நூல்) தானாக வந்துவிடும். ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நிற்கும், அங்கே வெட்டிக் கையால் கோக்க வேண்டும். இதையும் கைமடிக்குக் கற்றுக்கொடுங்கள். பண்டல் நம்பர் ஸ்டிக்கர் விழாமல் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பாகட்டும். நம்பர் மாறினால் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று பீஸ் திரும்பி வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வேகமாக இறக்கிக் கொடுத்தும் எங்களுக்கு வேலை தரும் ஒரு கம்பெனி மூன்று மாதம், நாலு மாதம் கழித்துத்தான் பில்லுக்குப் பணம் போடுகிறது. நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறோம். தராவிட்டால் திங்கட்கிழமை ஆள் வேறு கம்பெனியில் இருப்பார். 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் இருந்து, கெடுவுக்குள் தராத தொகையை அவர்கள் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். அந்த நம்பரைப் பில்லில் அச்சடியுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் ஒரு பண்டலைக்கூட இறக்கிவிட்டு வராதீர்கள்.